வீட்டுக்கு எத்தனை கிலோவாட்? அடுப்படியில் கேளுங்கள்

புது வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், நம்ம வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வரும்?" ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. இ.பி. விண்ணப்பத்தில் அதை நிரப்பலாம், மீட்டர் வந்துவிடும். சுவருக்குள் போகிற வயருக்கோ அந்த ஒற்றை எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்த வேளையில் எந்தெந்தச் சாமான் சேர்ந்து ஓடும், அவை எந்த வயர் வழியாக ஓடும் என்று தெரிந்தால்தான் வயரை முடிவு செய்ய முடியும். அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டின் அடுப்படியில் நிற்பவர். அவரை யாரும் கேட்பதில்லை.

திருச்சிப் பக்கம் வீட்டு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். இங்கே கூலி பாயின்ட் கணக்கில்தான் பேசப்படும். லைட்டுக்கு ஒரு பாயின்ட், ஃபேனுக்கு ஒரு பாயின்ட், பதினஞ்சு ஆம்ஸ் பிளக்குக்கு ஒரு பாயின்ட். கூலி பேச வசதியான முறை, அதில் தப்பில்லை. பாயின்ட்டை எண்ணி முடித்ததும் லோடு கணக்கும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் வினை ஆரம்பிக்கிறது.

வீட்டு வயரிங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 732. சாமான் இன்னதென்று தெரியாதபோது எப்படிக் கணக்குப் போடுவது என்று அதன் பழைய பதிப்பு சொல்லிவைத்திருந்தது: பல்புக்கு 60 வாட், ஃபேனுக்கு 60 வாட், 5 ஆம்ஸ் பிளக்குக்கு 100 வாட், 15 ஆம்ஸ் பிளக்குக்கு 1000 வாட். குண்டு பல்பு எரிந்த காலத்துக்குப் பொருத்தமான எண்கள். இன்று எல்இடி பல்பு 9 வாட். கரண்டை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். அதே நேரம் 15 ஆம்ஸ் பிளக்கில் செருகுகிற இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட். லைட், ஃபேன் லோடு பாதிக்கும் கீழே இறங்க, பிளக் லோடு இரண்டு மடங்கு ஏறிவிட்டது. பழைய பழக்கத்தில் கணக்குப் போட்டால், ஹாலுக்குத் தேவைக்கு மேல் வயரும் அடுப்படிக்குத் தேவைக்குக் குறைந்த வயரும் போய்ச் சேரும். நான் திறந்து பார்க்கிற வீடுகளில் நடந்திருப்பது அதுதான். லைட் சர்க்யூட்டுக்கு 10 பாயின்ட் அல்லது 800 வாட், பவர் சர்க்யூட்டுக்கு இரண்டு பிளக், அதற்கு மேல் கூடாது என்ற விதிகள் இன்றைக்கும் அருமையானவை. ஆனால் அடுப்படி மேடைமேல் நான்கு பிளக்கைச் சரம் கோத்தாற்போல ஒரே வயரில் கோத்துவிடுகிறார்கள். மிக்சி, கெட்டில், இண்டக்‌ஷன், ஓவன் எல்லாம் அந்த ஒரு வயரில்.

சமீபத்தில் முடித்த ஒரு வீட்டின் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், தரைத்தளம் மட்டும். பெரியவர்கள் இரண்டு பேர், மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. எல்இடி விளக்குகள் 14, தலா 10 வாட் என்று 140. பழைய வீட்டிலிருந்து கொண்டுவருகிற ஃபேன்கள் 5, தலா 75 என்று 375. டிவி, செட்டாப் பாக்ஸ், மோடம் 150. ஃப்ரிட்ஜ் 200. வாஷிங் மெஷின் 400. மிக்சி 750, கிரைண்டர் 150, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி 60. இண்டக்‌ஷன் 2000. அயர்ன் பாக்ஸ் 1000. இரண்டு பாத்ரூமிலும் ஹீட்டர், 4000. ஒன்றரை டன் ஏசி இரண்டு, தலா 1700 என்று 3400. போர் மோட்டார் 1 ஹெச்பி. இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். 1 ஹெச்பி என்றால் 746 வாட் என்று எழுதிவிடுவார்கள். அது மோட்டார் தண்டு தருகிற வேலை. லைனிலிருந்து அது இழுப்பது 1100 வாட் பக்கம் வரும், ஆறேழு ஆம்ஸ் எடுக்கும், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு. கடைசியாக எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜர் 750.

எல்லாவற்றையும் கூட்டினால் 14,475 வாட். பதினாலரை கிலோவாட். வீட்டுக்காரர் மிரண்டுபோனார். "அவ்வளவு வேணுமா சார்? பக்கத்து வீட்ல அஞ்சுன்னுதானே போட்டிருக்காங்க?" இந்த இடத்தில் வழக்கமாக ஒரு காரியம் நடக்கும். மொத்தத்தில் பாதி, அல்லது 60 சதவீதம் என்று ஒரு குத்துமதிப்பு போட்டு எழுதிக்கொடுத்துவிடுவார்கள். பெரிய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அந்த முறை சரிப்படும். ஐம்பது வீடு இருந்தால் ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் தூங்குவார். ஐந்து பேர் இருக்கிற ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே வேன் வருகிற நேரத்துக்குத்தான் ஓடுவார்கள்.

அதனால் நான் மருமகளிடமும் மாமியாரிடமும் உட்கார்ந்து பேசினேன். மார்கழி மாதம், காலை ஆறரை மணி. என்னென்ன ஓடும்?

"ரெண்டு ஹீட்டரும் ஓடும்ணா. வேன் ஏழே முக்காலுக்கு வந்துடும், ஒருத்தர் முடிச்சு ஒருத்தர் குளிக்க நேரமிருக்காது. கேஸ்ல ஒரு பக்கம் சாதம், இண்டக்‌ஷன்ல குழம்பு. சட்னி அரைக்கணும். இவர் அப்பத்தான் சட்டையத் தூக்கிட்டு அயர்ன் பண்ண வருவார்."

"மோட்டார விட்டுட்டியே," என்றார் மாமியார். "எல்லாரும் குளிக்கையில டேங்க் காலியாயிடும் தம்பி. அப்பத்தான் போடுவோம்."

இந்த இரண்டு பேச்சில் எனக்கு வேண்டிய கணக்கு வந்துவிட்டது. ஹீட்டர் 4000, இண்டக்‌ஷன் 2000, மோட்டார் 1100, அயர்ன் 1000, மிக்சி 750, ஃப்ரிட்ஜ் 200, விளக்கு 100. கூட்டினால் 9150 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 40 ஆம்ஸ். அந்த வீட்டின் உச்சம் இதுதான்.

அடுத்து மே மாதம், இரவு பத்தரை. இரண்டு ஏசி 3400, ஸ்கூட்டர் சார்ஜர் 750, ஃப்ரிட்ஜ் 200, மூன்று ஃபேன் 225, விளக்கு 50. மொத்தம் 4625 வாட், 20 ஆம்ஸ். காலைக் கணக்கில் சரிபாதி. ஆனால் காலை லோடு அரை மணியில் அடங்கிவிடும், மே மாத லோடு விடிகிற வரைக்கும் நிற்கும். மெயினை, சர்வீஸ் வயரை முடிவு செய்ய மார்கழிக் காலையைப் பார்க்கிறேன். படுக்கையறை வயர் சூடேறுவதைப் பார்க்க மே மாத இரவைப் பார்க்கிறேன். மாநிலத்துக்கே கணக்கு இப்படித்தான். தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2 அன்று. அந்த நாளின் உச்ச நேரத்தைத் தாங்கத்தான் நிலையங்களும் லைன்களும் வேண்டும், வருஷத்துச் சராசரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வயருக்கு வருவோம். கடையில் "ரெண்டரை வயர் எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டால் ஒரு எண் சொல்வார்கள். உலக அளவில் பின்பற்றப்படும் ஐஇசி அட்டவணைப்படி, சுவருக்குள் பைப்பில் போகும் இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 24 ஆம்ஸ். அந்த எண், சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டு போட்டது. திருச்சியில் சித்திரை வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தளத்துக்குள் கிடக்கிற பைப்பில் 45 டிகிரி என்பது சாதாரணம். பிவிசி உறை தாங்குவது 70 டிகிரி வரைக்கும்தான். வெளியே ஏற்கனவே 45 இருந்தால் வயர் தானாகச் சூடாகிக்கொள்ள மீதி 25 டிகிரிதான் இருக்கிறது. ஆகவே 0.79 ஆல் பெருக்கச் சொல்கிறது அதே அட்டவணை. 24 என்பது 19 ஆகிறது. அதே பைப்பில் இன்னொரு சர்க்யூட்டும் போனால் 0.8, அதாவது 15. மூன்று சர்க்யூட் போனால் 0.7, அதாவது 13 ஆம்ஸ் சொச்சம்.

இருபத்துநாலில் தொடங்கியது பதின்மூன்றில் வந்து நிற்கிறது. வயர் அதே வயர், அதே கம்பெனி, அதே விலை. தளத்தில் ஒரே பைப்பில் இரண்டு ஏசி வயரையும் ஒரு ஹீட்டர் வயரையும் சேர்த்து இழுக்கிறபோது நடப்பது இது. பைப் மிச்சம் என்று நினைக்கிறோம். அதன் முனையில் 16 ஆம்ஸ் எம்சிபி இருக்கும், லோடு மீறினால் தானாக விழுந்து லைனை அறுக்கிற ஸ்விட்ச். வயர் தாங்குவது 13, எம்சிபி காப்பது 16. காவல் என்ற பேருக்குத்தான் அது இருக்கிறது. நான் ஏசிக்கு நாலு சதுர மில்லிமீட்டர் வயரைத் தனிப் பைப்பில் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். 1700 வாட் ஏசி எடுப்பது ஏழரை ஆம்ஸ்தானே என்று கேட்பார்கள். ஏழரைதான், ஆனால் ராத்திரி முழுக்க.

எம்சிபி பற்றிப் பலருக்கும் இருக்கிற எண்ணத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 16 ஆம்ஸ் என்று எழுதியிருந்தால் 16 தாண்டியதும் விழுந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தர விதிப்படி, மதிப்பின் 1.13 மடங்கில், அதாவது 18 ஆம்ஸில், அது ஒரு மணி நேரம் வரைக்கும் விழக் கூடாது. 1.45 மடங்கில், அதாவது 23 ஆம்ஸ் சொச்சத்தில், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அவ்வளவு பொறுமையான சாமான் ஒன்று அடிக்கடி விழுகிறது என்றால், அந்த வயர் வெகு நேரமாகத் தவிக்கிறது என்று அர்த்தம். அப்போது வீடுகளில் செய்வது என்ன? "அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு 32 போட்டுட்டோம், இப்பப் பிரச்சனையில்ல." இதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கும். பிரச்சனை தீரவில்லை, எம்சிபிகள் இருக்கிற டிபி பாக்ஸிலிருந்து சுவருக்குள் இடம் மாறியிருக்கிறது. எம்சிபியை மாற்றும் முன் வயரை மாற்ற வேண்டும், இல்லையேல் லோடைப் பிரிக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

கூடவே இன்னொன்று. 30 மில்லி ஆம்ஸ் ஆர்சிசிபி போட்டிருக்கிறோம், ஓவர்லோடுக்கு அது விழும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது கசிவுக்கு விழும், ஆள் உயிரைக் காக்கும். ஓவர்லோடு அதன் கண்ணுக்கே தெரியாது. இரண்டும் வேண்டும்.

கணக்குச் சரியாக இருந்தும் கருகுகிற இடம் ஒன்று உண்டு. பிளக். சென்ற மழைக்காலத்தில் ஒரு வீட்டில் அடுப்படி பிளக்கைக் கழற்றினேன். கழற்றும் முன்னாலேயே மீன் கருகின வாடை. சூடேறிய பிளாஸ்டிக் கிளப்பும் வாடை அது. சைவக் குடும்பம், எலிதான் செத்துக் கிடக்கிறதோ என்று பரண் எல்லாம் தேடியிருக்கிறார்கள். உள்ளே மின்சாரம் வருகிற பேஸ் பக்கப் பித்தளை முனை நீலம் பாரித்திருந்தது. வயரின் சிவப்பு உறை இரண்டு விரல்கடை நீளத்துக்குக் காபிப்பொடி நிறத்தில் விறைத்துப்போய், வளைத்ததும் மொறுமொறுவென்று உதிர்ந்தது. ஸ்க்ரூ அரைச்சுற்று தளர்ந்திருந்தது, வேறொன்றும் இல்லை. 2000 வாட் இண்டக்‌ஷன் எடுப்பது 8.7 ஆம்ஸ். தளர்ந்த அந்த இடத்தில் 0.33 ஓம் தடை இருந்தாலே 25 வாட் சூடு பிறக்கும். கடைகளில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயன் 25 வாட்தான். அப்படி ஒன்றைத் தினமும் அரை மணி நேரம் பிளக்குக்குள் வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறார்கள். அதனால் அதிக லோடு எடுக்கும் பிளக்குகளைத் தனியாகக் குறித்துவைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூ முடுக்கிப் பார்க்கச் சொல்கிறேன். ஏசி சர்வீஸுக்கு ஆள் வருகிற மாதிரி இதற்கும் ஆளைக் கூப்பிட வேண்டும்.

மீண்டும் அந்த வீடு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு 4 கிலோவாட் வரை ஒருமுனை, அதற்கு மேல் மும்முனை. ஆக இந்த வீட்டுக்கு மூன்று பேஸ் வரும், அதாவது ஆர், ஒய், பி என்று மின்சாரம் கொண்டுவரும் மூன்று தனி லைன். எந்த பேஸில் எதைப் போடுவது? வழக்கமாக ஹால் ஒரு பேஸ், அறைகள் ஒரு பேஸ், அடுப்படி ஒரு பேஸ் என்று அறைவாரியாகப் பிரிப்பார்கள். நான் நேரவாரியாகப் பிரிக்கிறேன். திருச்சியில் ஏசி ஓடுகிற மாதத்தில் ஹீட்டர் போட மாட்டார்கள், ஹீட்டர் மாதத்தில் ஏசி போட மாட்டார்கள். அதனால் ஒரு அறையின் ஏசியையும் அதே அறையின் ஹீட்டரையும் ஒரே பேஸில் வைக்கலாம், வெவ்வேறு சர்க்யூட்டில். ஆர் பேஸில் முதல் அறை ஏசி, ஹீட்டர், அயர்ன், லைட், ஃபேன். ஒய் பேஸில் இரண்டாம் அறை ஏசி, ஹீட்டர், மோட்டார். பி பேஸில் அடுப்படி, ஃப்ரிட்ஜ், ஸ்கூட்டர். மார்கழிக் காலையில் முறையே 3100, 3100, 2950 வாட். எல்லாப் பேஸிலும் 13 ஆம்ஸ் பக்கம். ஒரே பேஸில் 40 ஆம்ஸ் என்று பயமுறுத்தியது இப்போது அடங்கி உட்கார்ந்துவிட்டது.

இப்படிப் பிரித்ததைக் கலைத்துவிட நம் ஊரில் ஒரு சாமான் இருக்கிறது. பேஸ் சேஞ்சர். ஒரு பேஸ் போனால் திருகி அடுத்த பேஸுக்கு மாற்றிக்கொள்வது. அது இல்லாமல் வீடு கட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள், கோடைக்காலத்தில் அதன் அருமை எனக்கும் தெரியும். ஆகவே அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பி பேஸ் போய் அடுப்படியை ஆருக்கு மாற்றினால் ஆர் பேஸில் 6050 வாட், 26 ஆம்ஸ். 32 ஆம்ஸ் மெயின் தாங்கும். இரண்டு பேஸ் போய் எல்லாம் ஒன்றுக்கே வந்தால் 40 ஆம்ஸ், தாங்காது. அந்த நேரத்தில் ஹீட்டரையும் இண்டக்‌ஷனையும் அணைத்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். தெருவில் ஒரு பேஸ் போனால் நாம் மட்டும் மாற்றுவதில்லை, தெருவே மாற்றும். மிச்சமிருக்கிற பேஸில் வோல்டேஜ் 180க்கு இறங்கும். அப்போது 2000 வாட் ஹீட்டர் 1225 வாட்தான் எடுக்கும், வெந்நீர் காய நேரமாகும், அதனால் மற்றவற்றோடு சேர்ந்து ஓடுகிற நேரமும் நீளும். ஸ்டெபிலைசர் போட்ட ஏசி நேர்மாறு. உள்ளே வருகிற வோல்டேஜ் குறையக் குறைய லைனிலிருந்து கூடுதல் ஆம்ஸ் இழுத்துச் சரிக்கட்டும். ஏழரை ஆம்ஸ் ஏசி ஒன்பதரைக்குப் போகும். வோல்டேஜ் குறைந்தால் லோடு குறையும் என்பது எல்லாச் சாமானுக்கும் பொருந்தாது.

மும்முனை வீட்டில் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற பொது வயர், தனிக் கவனம் கேட்கும். அது விட்டுப்போனால் ஒரு பேஸிலுள்ள சாமானும் அடுத்த பேஸிலுள்ள சாமானும் தொடராக 400 வோல்ட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் ஹீட்டர், மறுபக்கம் வெறும் டிவி என்றால் ஏறக்குறைய முழு 400ம் டிவி தலையில்தான் விழும். "ஒரே நிமிஷத்துல டிவி, மோடம், ரெண்டு பல்பு போச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது நியூட்ரல் இணைப்பை. அதில் ஃபியூஸ் போடவே கூடாது. பேஸ் வயர் என்ன கனமோ அதே கனம் நியூட்ரலுக்கும் வேண்டும், பேஸ் சேஞ்சர் இருக்கும் வீட்டில் கட்டாயமாக.

ஏற்கனவே குடியிருக்கிற வீடென்றால் இவ்வளவு கேள்வி கேட்க வேண்டியதில்லை. இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டர்கள் பலவற்றில் பட்டனை அழுத்திக்கொண்டே போனால் யூனிட்டுக்கு அடுத்து எம்.டி. என்று ஒரு கிலோவாட் எண் வரும். கால் மணி அல்லது அரை மணிக்கு ஒரு சராசரி எடுத்து, அதில் அதிகமானதைப் பதிந்துவைத்திருக்கும். ஜனவரியில் ஒரு தடவை, மே மாதம் ஒரு தடவை அதைக் குறித்துக்கொண்டால் உங்கள் வீட்டின் உண்மையான உச்சம் கையில் இருக்கும். ஏசி வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

அந்த வீட்டுக்காரர் இன்னும் சில வருஷத்தில் எலக்ட்ரிக் கார் வாங்குவேன் என்கிறார். வீட்டில் போடுகிற சிறிய சார்ஜர் 3.3 கிலோவாட், 14 ஆம்ஸ், இரவு முழுக்க. பெரியது 7.2 கிலோவாட், 31 ஆம்ஸ். பூச்சு வேலை முடிந்தபின் அதற்காகச் சுவர் கொத்துவது பெரும் பாவம். மீட்டர் போர்டிலிருந்து போர்ட்டிகோ வரை ஒரு இன்ச் பைப் ஒன்றைக் காலியாகப் போட்டு, உள்ளே இழுகம்பி விட்டு, இரண்டு முனையையும் மூடிவைத்தாயிற்று. மே மாத இரவில் பி பேஸில் ஃப்ரிட்ஜும் ஸ்கூட்டரும் சேர்ந்து 950 வாட்தான். சிறிய சார்ஜர் வந்தால் அதில்தான் உட்காரும், மொத்தம் 4250 வாட், பதினெட்டரை ஆம்ஸ். டிபி பாக்ஸில் பி வரிசையில் அதற்கு ஒரு இடம் விட்டு, கதவின் உள்பக்கம் ஒட்டிய சர்க்யூட் தாளில் "கார்" என்று எழுதிவைத்திருக்கிறேன்.